ஆணி அடிக்காத குசினி

சுத்தியல் மேலே போனது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்க்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் சுவரில் வைத்த ஆணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே லிந்துலை மழை கொஞ்சம் ஓய்ந்து, கூரைத் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. அடுப்பில் ஈர மிலாறு விறகு புகைகிறது. உப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா, தேயிலைத்தூள் டப்பா மூன்றையும் மாரோடு அணைத்துக்கொண்டு, பலகை சுவரில் ஏறியதும் அடுக்கிவிடலாம் என்று நான் காத்து நிற்கிறேன்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். அவரிடம் நான் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அந்தப் பலகை.

“ஏங்க, என்னாச்சு?”

“வேணாம் புள்ள. எப்புடியும் தையில ஊருக்குப் போறோம். எதுக்கு இந்தச் சுவத்தப் போட்டு ஓட்ட பண்ணிக்கிட்டு?”

டப்பாக்களை மறுபடியும் தரையில் வைத்தேன். தரையில் என்றால் அடுப்புச் சாம்பலுக்கு ஒரு சாண் தள்ளி. அன்று ராத்திரி ரசத்தில் உப்பைவிடச் சாம்பல்தான் தூக்கலாக இருந்தது. மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தார்.

தை மாசத்துக்காரர்

போன வாரத்துக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தாள்: “அந்தக் காலத்து லயத்தில் குசினி எப்படி இருந்தது அம்மா?” குசினியா? அதற்கென்று ஒரு இடம் இருந்தால்தானே சொல்வதற்கு!

லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அதாவது ஒரே ஒரு அறை. அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு குட்டித் தாழ்வாரம். அந்த இஸ்தோப்பின் மூலையில் மூன்று கல். அதுதான் குசினி. கவ்வாத்து வெட்டின தேயிலைக் கிளையை மிலாறு என்போம். அதுதான் விறகு. மழைக்காலத்தில் அது எரியாது, அழும். நாமும் சேர்ந்து அழ வேண்டியதுதான். பக்கத்து வீட்டு இஸ்தோப்புக்கும் எங்களுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். அதற்கு மேலே கூரை வரைக்கும் வெறும் சந்து. எங்கள் புகை அங்கே போகும், அவர்கள் புகை இங்கே வரும். கூடவே நெருப்புத் துண்டு, கருவாட்டுக் குழம்பு, ஊர்வம்பு எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம் அக்கா. வேதக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வீட்டு அடுப்பு எரியாத நாளில் எங்கள் நெருப்பு போகும். என் வாய் அடங்காத நாளில் அவர் அதட்டல் வரும்.

வீட்டுக்காரர் பெயரை நான் சொல்ல மாட்டேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை கேட்டபோதே பக்கத்தில் நின்றவளைச் சொல்லச் சொன்னவள் நான். இப்போது பத்திரிகையில் போட்டுச் சொல்வேனா? லயத்தில் அவருக்கு வேறு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லலாம். தை மாசத்துக்காரர்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் தை பிறந்தால் அடுத்த தைக்குக் கெடு பிறக்கும். கார்த்திகை வரைக்கும் “தையில போறோம்” என்பார். மார்கழியில் கொஞ்சம் சத்தம் குறையும். பொங்கல் வைத்த அடுத்த நாள், “சரி, இந்தத் தை போகட்டும்” என்பார்.

எந்த ஊருக்குப் போகிறோம் என்று கேளுங்கள். கடல் தாண்டித் துறையூர் பக்கம் ஒரு கிராமம். அந்த ஊரை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது! இதே தோட்டத்தில், இதே லயத்தில், மேல் கோடிக் காம்பராவில் பிறந்த மனிதர். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். இளையவரான இவரை, “நீ கொஞ்சம் சம்பாதிச்சுக்கிட்டு பின்னாடியே வந்துடு” என்று விட்டுவிட்டுப் போனார். போகும்போது ஒரு புத்தியும் சொன்னாராம்: அடுத்தவன் சுவரில் ஆணி அடிக்காதே, கிளம்பும்போது பிடுங்க மனசு வராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ஸ்டோரில் வேலையே ஆணி அடிப்பதுதான். தோட்டத்தில் தேயிலை ஆலையை ஸ்டோர் என்போம். அங்கே தூள் நிரப்பிய பெட்டிக்கு மூடி போட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டே இருப்பார். அவர் ஆணி அடித்த பெட்டியெல்லாம் கப்பல் ஏறிச் சீமைக்குப் போய்விட்டது. அவர்தான் போகவில்லை.

இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்து தெரியாதவர் என்பதால் வாசித்துக் காட்டாமல் தபாலில் போட விட மாட்டார். “ரொம்பத்தான்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். சில வரிகளை நான் தாண்டி வாசிப்பது அவருக்குத் தெரியாது.

நீலப் பெட்டி

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஹட்டனுக்குப் போய் ஒரு தகரப் பெட்டி வாங்கி வைத்திருந்தார். நல்ல நீலம். பித்தளைப் பூட்டு. எனக்குத்தான் சீர் என்று நினைத்து நான் பூரித்துப் போனேன். அது ஊர்ப் பயணத்துக்காம்.

உள்ளே ஊரில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு ஒரு வேட்டி, மதினிக்கு ஒரு அரக்குச் சேலை, ஒரு புதுத் துண்டு. அந்த மதினியின் முகம்கூட இவருக்குத் தெரியாது. ஆனால் சேலையில் பூச்சி விழக்கூடாது என்று மாதம் ஒரு தடவை வெயில் காட்டுவார். லிந்துலையில் வெயில் வருவதே மாதம் ஒரு தடவைதான்.

காம்பராவில் கால்வாசி இடம் அந்தப் பெட்டிக்கு. பெரியவள் பிறந்து அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள். சின்னவன் அதன்மேல்தான் சிலேட்டை வைத்து எழுதினான். பெட்டி மட்டும் தையை நோக்கி வாசல் பக்கமாகவே உட்கார்ந்திருந்தது.

அவரை மட்டும் கேலி செய்துவிட்டுப் போனால் பாவம். அப்போது இந்த நாட்டில் எங்களை உங்கள் ஊருக்குப் போங்கள் என்றார்கள். அந்த ஊரில் போய்க் கேட்டால் நீங்கள் யார் என்பார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பம், சாட்சி, பிறப்புப் பத்திரம் என்று லயமே அலைந்தது. அப்படி ஒரு காலத்தில், ‘எனக்கென்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே ஒரு அறை இருக்கிறது’ என்று ஒரு மனிதர் பிடித்துக்கொண்டதில் தப்பு சொல்ல முடியாது. அண்ணன் கடிதம் வருஷத்துக்கு இரண்டு வரும். இரண்டிலும் இரண்டே விஷயம். ஒன்று, தேயிலைத்தூள் அனுப்பு. இன்னொன்று, அப்பா கட்டின பின்னறை உனக்கென்று பூட்டியே கிடக்கிறது, வா.

அறை பூட்டிக் கிடந்தது. சரி. நான் எங்கே சமைப்பது?

ஊஞ்சல் பலகை

ஆணி இல்லாமல் பலகை மாட்டுவது எப்படி என்று யோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கூரை மரத்தில் இரண்டு கயிற்றைக் கட்டி, அதில் பலகையைத் தொங்கவிட்டார்.

“கயித்த அவுத்தா கெளம்பிடலாம்” என்றார். முகத்தில் என்ன ஒரு பெருமை!

அவிழ்க்கத் தேவையே இல்லை. ஆடிக் காற்று வந்தது. பலகை தொட்டில்போல ஆட, டப்பாக்கள் கடகடவென்று பேசிக்கொண்டன. மிளகாய்த்தூள் வேண்டுமென்றால் பலகை என் பக்கம் வரும் வரை கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆரோக்கியம் அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “புள்ளைக்கு என்ன பாட்டுடி பாடுற?” என்று கேட்டார். ஒருநாள் உப்பு டப்பா நேராகக் குழம்புச் சட்டியில் குதித்தது. அந்தக் குழம்பையும் மனிதர் பேசாமல்தான் சாப்பிட்டார். அந்த ஒரு குணத்துக்காகத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடந்தது.

அவரை மடக்கும் வித்தையை நான் அப்போது கற்றுக்கொண்டேன். எது வேண்டுமென்றாலும் ‘ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போகலாம்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட வேண்டும். இரும்புத் தோசைக்கல் கேட்டேன், ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று. வந்தது. அம்மிக்கல் கேட்டேன். அதைக் கப்பல் ஏறும் தலைமன்னார் வரைக்கும் யார் தூக்குவது என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு அதுவும் வந்தது.

சுவரில் வெள்ளித் தாள்

தேயிலைப் பெட்டிக்கு உள்ளே வெள்ளியாக மின்னுகிற ஒரு தாள் ஒட்டுவார்கள், தூளில் ஈரம் ஏறாமல் இருக்க. உடைந்த பெட்டிகளில் அது கிழிந்து கிடக்கும். டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு, வாரம் ஒரு சுருளாக அதை எடுத்து வரச் சொன்னேன். கோதுமை மாவில் பசை காய்ச்சி, புகை பிடித்துக் கறுத்திருந்த அந்த மூலைச் சுவரில் ஒட்டினேன். உரித்தால் வந்துவிடும் என்பதால் அவருக்கும் சம்மதம்.

ஒட்டி முடிக்க ஒரு மழைக்காலம் ஆனது. முடித்த அன்று விளக்கை ஏற்றியதும், அடடா! மூலை முழுக்கப் பகல் மாதிரி ஆகிவிட்டது. ராணி வீட்டுக் குசினி என்று லயத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். பார்க்க வந்தவர்கள் குசினியை எங்கே பார்த்தார்கள்? சுவரில் தங்கள் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் அந்தச் சந்தோஷம். பசை ருசி எலிக்குத் தெரிந்துவிட்டது. கீழே இருந்து தின்றுகொண்டே மேலே ஏறியது. நானும் விடாமல் மறுபடி ஒட்டினேன். மழை அடிக்கிற பக்கத்துக்குத் தார்ப் பீப்பாயை வெட்டித் தட்டி நிமிர்த்தி ஒரு தகரம் சாய்த்து வைத்தோம். ஆணி அடித்தல்ல, கல்லை முட்டுக்கொடுத்து. இப்படியாக ஐந்தாறு வருஷத்தில், காசு என்று பெரிதாக ஒன்றும் கை விட்டுப் போகாமல், பார்த்தால் குசினி என்று சொல்லும்படி ஒன்று வந்துவிட்டது.

அடுப்பு மட்டும் தரையிலேயே கிடந்தது.

நின்று சமைக்கும் அம்மா

கண்டாக்கையா வீட்டில் மகளுக்குக் கல்யாணம். தோட்டத்து வெளி வேலையெல்லாம் அந்த ஐயா கையில். மசாலை அரைக்க மூன்று நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள்.

உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் தரையைப் பார்த்து அடுப்பைத் தேடினேன். அங்கே அடுப்பு இடுப்பு உயரத்தில் ஒரு மேடையில் இருந்தது. மேலே புகைபோக்கி. அந்த வீட்டு அம்மா நின்றுகொண்டே தாளித்தார், நின்றுகொண்டே கிண்டினார், நின்றுகொண்டே ருசி பார்த்தார். மூன்று நாளும் அவர் ஒரு தடவைகூட முட்டியைப் பிடித்துக்கொண்டு எழவில்லை.

எனக்கு அந்த மேடைதான் கண்ணில் நின்றது. கல்யாணப் பெண்ணின் நகைகூட ஞாபகமில்லை.

சின்னவன் பிறந்த பிறகு என் முட்டி சரியில்லை. காலையில் பெரட்டுக்குப் போய், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, நாள் முழுக்க ஏற்றத்திலும் இறக்கத்திலும் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, தரை அடுப்பு முன்னால் குந்தினால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. முப்பது வயது ஆகவில்லை. எங்கள் லயத்திலேயே முட்டி போன ஒரு அக்காவை மலைக்கு, அதாவது கொழுந்து எடுக்க, வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் பேர் போனால் பிறகு என்ன சாப்பிடுவது? அந்தப் பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து எனக்கு மேடை அடுப்பு வேண்டும் என்றேன். ‘ஊருக்கு எடுத்துப் போகலாம்’ என்று சேர்க்க வழியில்லை. கல்லும் மண்ணும் வைத்துத் தரையோடு கட்டுவதை எப்படி எடுத்துப் போவது?

அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஸ்டோரிலிருந்து ஒரு உடைசல் தேயிலைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் அதே ஊஞ்சல் பலகைப் பெருமை.

பெட்டி அடுப்பு

பெட்டியை நிமிர்த்தி வைத்து, உள்ளே வெள்ளித் தாளைச் சுற்றி, களிமண்ணைத் திணித்து, மேலே மூன்று கல்லை வைத்தார். இடுப்பு உயரத்தில் அடுப்பு தயார். பெட்டியின் பக்கவாட்டில் எங்கள் தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் பெரிதாக அச்சாகியிருந்தது.

“மண்ணக் கொட்டிட்டா வெறும் பொட்டி. கையோட எடுத்துக்கிட்டுப் போயிடலாம்” என்றார்.

“பலகைங்க அது. நெருப்பு புடிக்காதா?”

“தாளு இருக்குல்ல.”

நானும் நம்பினேன். என் மேலும் தப்பு உண்டு. நின்று சமைக்கிற ஆசை கண்ணை மறைத்தது. பத்து நாள் நான் நின்று சமைத்தேன். அந்தப் பத்து நாளும் லயத்தில் என் நடையே வேறு மாதிரி இருந்தது என்று ஆரோக்கியம் அக்கா இன்றைக்கும் சொல்வார்.

பதினோராம் நாள் ஞாயிறு. இறம்பொடையிலிருந்து என் அண்ணன் வந்திருந்தார். நான் பிறந்ததும் அங்கேதான், நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்து லயத்தில். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்ததால்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிசு. அண்ணனுக்காகக் கோழி அடித்தோம். சட்டியில் கோழி கொதிக்கிறது. அண்ணன் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, மச்சானின் மூளையைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்.

களிமண் காய்ந்து வெடித்திருந்ததை யார் பார்த்தார்கள்? வெடிப்பு வழியாகக் கங்கு இறங்கி, உள்ளுக்குள்ளேயே பலகையைத் தின்றிருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த தோட்டத்தின் பெயர் முதலில் பழுப்பாகி, பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் காணாமல் போனது. அண்ணன் அதை வாய்விட்டு வாசித்துக்கொண்டே இருந்தவர், பாதியில் நிறுத்தினார்.

அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது. கோழிக் குழம்பு இஸ்தோப்பைத் தாண்டி, தண்ணீர் ஓடும் கானில் ஓடியது. பலகை குபீரென்று பற்றியது. என் தொண்டை திறந்தது. அடுத்த நிமிஷம் சுவருக்கு மேலே ஒரு வாளி தெரிந்தது. “மாதாவே!” என்று ஒரு சத்தம். வாளித் தண்ணீர் முழுக்க வந்தது. பாதி நெருப்பின்மேல், மீதி எங்கள் வீட்டுக்காரர் தலைமேல்.

ஈரம் சொட்ட நின்ற மனிதரைப் பார்த்து அண்ணன் சிரித்தார், பிள்ளைகள் சிரித்தார்கள், ஆரோக்கியம் அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன்.

“ஏங்க, ஒங்க ஊருக்கு என்னைய முட்டி போட்டுத்தான் கூட்டிக்கிட்டுப் போகப் போறீங்களா?” என்று கேட்டேன். “இனிமே நான் குந்தி ஒக்காந்து ஒல வைக்க மாட்டேன். ஆமா.”

ஏழு நாள் ரொட்டி

சொன்னால் சொன்னதுதான். மறுநாளிலிருந்து அவர்தான் சமைத்தார். அவருக்குத் தெரிந்தது ரொட்டி ஒன்றுதான். காலையில் ரொட்டி, மத்தியானம் ரொட்டி, ராத்திரிக்கு மாறுதலாக ஆறின ரொட்டி. சின்னவன் ரொட்டியைத் தரையில் தட்டிப் பார்த்து, சத்தம் வருகிறது என்றான்.

மூன்றாம் நாள் அடுப்பு முன்னால் குந்தியவர் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்ததைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். அன்று ராத்திரி நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மேடை கட்டலாம் என்று மட்டும் சொல்லவில்லை. “இந்தத் தை மட்டும் பொறு” என்றார். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கல்லும் மண்ணுமாக ஒன்றைக் கட்டிவிட்டால் அவருடைய ஊர் இல்லை என்று ஆகிவிடும். எனக்கோ, கட்டாவிட்டால் மலை இல்லை என்று ஆகிவிடும். இரண்டு பேரில் யார் விட்டுக்கொடுப்பது?

எட்டாம் நாள் தபால் வந்தது.

அண்ணன் எழுதிக்கொண்டது

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான். அவருடைய அண்ணன் கடிதத்தை எப்போதும் நான்தான் வாசிப்பேன். அவர் நீலப் பெட்டிமேல் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். சாமி சந்நிதியில்கூட அந்தப் பவ்வியம் கிடையாது.

எல்லோரும் சுகம் என்று இருந்தது. போன தடவை அனுப்பிய தேயிலைத்தூள் நல்ல சாயம் என்று இருந்தது, இன்னும் அனுப்பச் சொல்லியிருந்தது. அதற்குக் கீழே என் கண் ஓடியது. வாய் நின்றுவிட்டது.

“அவ்வளவுதானா?” என்றார்.

அவ்வளவுதான் என்று மடித்து வைத்திருக்கலாம். எழுத்து தெரியாத மனிதர். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவருடைய ஊரைப் பற்றிய விஷயம். அதை மறைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வாசித்தேன்.

“தம்பி, நீ வருவாய் வருவாய் என்று இத்தனை வருஷம் அப்பா கட்டிய பின்னறையைப் பூட்டி வைத்திருந்தோம். நீ வருகிற மாதிரித் தெரியவில்லை. உன் மதினிக்கு முட்டிவலி. கீழே உட்கார்ந்து சமைக்க முடியவில்லை. அதனால் அந்த அறையின் சுவரை இடித்து, மேடை போட்டுச் சமையல்கட்டு ஆக்கிவிட்டோம். இப்போது நின்றுகொண்டே சமைக்கிறாள். வேறொன்றும் நினைக்க வேண்டாம்.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். என் முட்டிக்காக நான் கேட்டது கடல் தாண்டிப் போய் அந்த மதினிக்குக் கிடைத்திருக்கிறது! அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. பாவி மனுஷன், ஒரு தடவை கேட்டுவிட்டு இடித்திருக்கக்கூடாதா என்று அந்த அண்ணன்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“மதினி நின்னுக்கிட்டா சமைக்குது?”

“ஆமாங்க. அப்புடித்தான் எழுதியிருக்கு.”

எழுந்து வெளியே போனார். லயமே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் மழையில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் கூப்பிடவில்லை. உள்ளே போய்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஜெயித்தவள் நான்தானே, எதற்கு அழுதேன் என்று இன்றைக்குவரை எனக்குப் புரியவில்லை.

இடுப்பு உயரம்

மறுநாள் கண்டாக்கையாவிடம் போய், இஸ்தோப்பில் ஒரு மேடை கட்டிக்கொள்ளவா என்று அனுமதி கேட்டிருக்கிறார். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என்னா, தை மாசம் என்னாச்சு?” என்றாராம்.

“இங்கயும் தை வருதுங்களே ஐயா” என்றாராம் இவர்.

இந்தப் பதிலை ஐயாவே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். லயத்தில் யாரும் அதற்குப் பிறகு இவரை அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எனக்கே அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கானோரத்திலிருந்து கல் சுமந்தார். பெரியவளும் சின்னவனும் களிமண் மிதித்தார்கள். கட்டத் தொடங்கும் முன்பு என்னைச் சுவரோரமாக நிற்கச் சொன்னார். “நல்லா நிமுந்து நில்லு” என்று சொல்லி, என் இடுப்பு எது வரைக்கும் வருகிறதோ அங்கே கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் உயரம் என்ன என்று ஒருத்தர் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மேடை காய ஒரு வாரம். தார்த் தகரத்தைச் சுருட்டிப் புகைபோக்கி. சாணி மெழுகி, சாமி கும்பிட்டு, நாளைக்குப் பால் பொங்க வைக்கலாம் என்று இருந்தபோது, அவர் உள்ளே போய் நீலப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார்.

பூட்டைத் திறந்தார். அண்ணனுக்கு வாங்கின வேட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மதினிக்கு வாங்கின அரக்குச் சேலையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“மதினிக்கு வாங்குனதாச்சே” என்றேன்.

“மேட அடுப்புக்கு முன்னாடி நிக்கிற பொம்பளைக்கு வாங்குனது. நீ கட்டு.”

மடிப்பெல்லாம் பழுத்திருந்தது. ஆனால் பூச்சி விழவில்லை. அத்தனை வெயில் காட்டியிருந்தாரே!

காலிப் பெட்டியைத் துடைத்து, மேடைக்குக் கீழே தள்ளி, வாரத்து அரிசியையும் கோதுமை மாவையும் அதில் கொட்டச் சொன்னார். எலி இனி என்ன செய்யும்? துடைக்கும்போது அடியில் ஒரு காகிதப் பொட்டலம் கிடைத்தது. பிரித்தால் உள்ளே ஒரே ஒரு ஆணி. முதல் வருஷம் சுவரில் வைத்துவிட்டு அடிக்காமல் எடுத்த அதே ஆணி. துரு ஏறக்கூடாது என்று எண்ணெய் தடவி வைத்திருந்தார், மனிதர்!

ஊஞ்சல் பலகையின் கயிற்றை அவிழ்த்தார். டப்பாக்களை நான் மாரோடு அணைத்துக்கொண்டேன். சுத்தியல் மேலே போனது. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

நாள் முழுக்க ஆணி அடிக்கிறவரின் கை. நான்கே அடி. நாலாவது அடியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கடகடவென்று உருண்டது. ஆரோக்கியம் அக்காவின் தலை சந்தில் தெரிந்தது. கையில் நெளிந்துபோன ஒரு தம்ளர்.

“என்னாடி சத்தம் இது? பொட்டி அடிக்கிறீங்களா? ஊருக்குக் கெளம்பியாச்சா?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பதில் சொன்னேன்.

“இல்லக்கா. ஆணி அடிக்கிறாரு.”

அக்கா அவர் முதுகைப் பார்த்தார். பிறகு தம்ளரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, “அப்ப நல்லா எறங்க அடிக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.